கீழ்க்கணக்கு என்றொரு இடம் இருக்கிறது

1. ஒரே ஒரு வரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு எங்களுக்குப் பயிற்சி தந்த முதல் நாளில், பாடசாலைக் கணினி அறையில் பாதி இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் அதற்கெல்லாம் அசரவில்லை. "ஒங்க ஊர்ப் பேர அடிச்சுப் பாருங்க டீச்சர், என்ன வருதுன்னு" என்றார்.

அடித்துப் பார்த்தேன். இரத்தினபுரி மாவட்டம் என்று போட்டால் இரத்தினக்கல் வந்தது, நீர்வீழ்ச்சி வந்தது, காட்டில் உள்ள பறவைகள் வந்தன. எங்கள் பிரதேச சபைக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரே ஒரு வரி. சப்ரகமுவ மாகாணத்தில் அமைந்துள்ள ஓர் உள்ளூராட்சி மன்றம். அவ்வளவுதான். நாங்கள் வாக்குப் போடும் வட்டாரங்கள் இல்லை. சபையின் எல்லைக்குள் எத்தனையோ தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

நான் வரலாறு படிப்பிக்கிறவள். ஊரில் இருக்கும் மனிதர்களில் பாதிப் பேரை விட்டுவிட்டு எழுதுவது வரலாற்றுக்குப் புதிதல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். இப்போது இருக்கிற கோபம் வேறு. இதைப் படிக்கும் இளைய தன்னார்வலர்கள் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒரு சிறு குழு. கடைசிவரை நின்றது நானும் நஸார் நானாவும்தான். இங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நஸார் நானா கஹவத்தை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். தோட்டங்களுக்குத் தகரமும் ஆணியும் விற்றுவந்த குடும்பம். எந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, எந்தப் பாதையில் லொறி ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம். படம் எடுப்பது அவர் வேலை, எழுதுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

2. கணக்கு

கிரிவத்துர தோட்டத்தைப் பற்றித்தான் முதலில் எழுதினோம். காரணம் என் மகள் தர்ஷி. அந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்கில் இருக்கும் பிள்ளைக் காம்பராவில் அவள் பொறுப்பாளராக வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பஸ்ஸை விட்டு இறங்கி அவள் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பார்க்கப் போன நாளில்தான் இந்த இடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை என்பது உறைத்தது.

கணக்கு என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தைக் கம்பனி பல டிவிசன்களாகப் பிரித்து வைத்திருக்கும். எங்கள் சனம் அதை டிவிசன் என்று சொல்வதில்லை. வேலையை மேற்பார்க்கும் ஒரு கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் இருந்த தேயிலை மலைகளும் லயங்களும் சேர்ந்தது ஒரு கணக்கு. மேலே இருப்பது மேல்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. பெண் எடுத்தாலும், சாவு சொன்னாலும், பிள்ளை தொலைந்தாலும் இந்தப் பெயர்தான் வாயில் வரும்.

கீழ்க்கணக்கை எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் செல்லமுத்து அண்ணன். கடைசி லயத்தில் இருந்தார், ஒரு மாடு வைத்திருந்தார். நானா கமராவை எடுத்ததும் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"டீச்சரம்மா, எங்க பேர இண்டர்நெட்டுல போட்டா கம்பெனி ரோட்டப் போட்டுக் குடுக்குமா?"

"ரோட்டு வராதுண்ணே. பேரு வரும்."

"சரி, பேராச்சும் வரட்டும். ஓட்டுக் கேட்டு வர்றவனுங்க வழி தெரியலன்னு இனிச் சொல்ல ஏலாதுல்ல."

வழி பற்றி அவர் சொன்னதையும் எழுதினேன். கீழ்க்கணக்குக்குப் பிரதான பாதை ஒன்றுதான். அது மலையோரமாக வருகிறது, மழைக்கு அடிக்கடி மண் விழுந்து மூடிவிடும். அப்படி மூடினால் பழைய இறப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பிரியும் மண்பாதையால் வரலாம். நானாவின் லொறியில் அந்தப் பாதையில் போய்ப் பார்த்த பிறகுதான் கட்டுரையில் அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தேன். பள்ளிக்கூடம், கோயில், பிள்ளைக் காம்பரா, லயங்கள், பாதைகள். சின்னக் கட்டுரைதான். தலைப்பு: கீழ்க்கணக்கு, கிரிவத்துர தோட்டம்.

3. வழிமாற்று

ஒரு வாரம்கூட அந்தக் கட்டுரை நிற்கவில்லை. ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து திறந்தால், பழைய நீதிநூல் தொகுதி ஒன்றைப் பற்றிய பக்கம் வருகிறது. மீண்டும் அடித்தேன். மீண்டும் அதே பழைய நூல்கள். ஒரு தலைப்பைத் தட்டினால் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டுக்கு வழிமாற்று என்று பெயர். யாரோ எங்கள் கட்டுரையின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு, தலைப்பை இலக்கியத்துக்கு வழிமாற்றிவிட்டார்கள்.

செய்தவர் அந்தக் களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர். வெண்பாப்பித்தன் என்ற பெயரில் எழுதுபவர். இலங்கைக்காரர் அல்லர். உரையாடல் பக்கத்தில் அவர் எனக்கு எழுதியிருந்தது இது:

"கீழ்க்கணக்கு என்பது தமிழ் இலக்கியத் தொகுதியைக் குறிக்கும் சொல். தேயிலைத் தோட்டப் பகுதி ஒன்றுக்கு இப்பெயர் வழங்குவதற்கு அச்சு ஆதாரம் தரப்படவில்லை. நிறுவனத்தின் இணையத்தளம் 'லோவர் டிவிசன்' என்றே குறிப்பிடுகிறது. வாய்மொழித் தகவல்களை ஏற்க இயலாது. இடத்தின் குறிப்பிடத்தக்கமையும் நிறுவப்படவில்லை."

நஸார் நானாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"என்ன டீச்சர் இது? அந்தக் காலத்துப் புலவர்மார் எல்லாம் ஒங்கட லயத்துலயா ஈந்த?"

புலவர்கள் எங்கள் லயத்திலா இருந்தார்கள் என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆதாரம் கேக்குறாங்க நானா. அச்சுல இருக்கணுமாம்."

"அங்க ஈக்கிற சனத்த விட என்ன ஆதாரம் வேணுமாம்? செல்லமுத்துவக் கூட்டிக்கொண்டு போய் அவர்ட வீட்டு வாசல்ல நிப்பாட்டவா?"

ஆதாரம் தேடிப் பிரதேச சபைக்குப் போனோம். சபையில் கிராமங்களின் பட்டியல் இருந்தது. தோட்டம் ஒரு வரியில் முடிந்துவிட்டது, கணக்குகள் இல்லை. அங்கிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நல்ல மனிதர், சிங்களவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். எங்கள் கட்டுரையை யாரோ இயந்திரத்தில் போட்டுச் சிங்களத்தில் மாற்றியிருந்ததைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். கீழ்க்கணக்கு அங்கே 'பஹள கிணும' ஆகியிருந்தது. பஹள என்றால் கீழ், கிணும என்றால் வங்கியில் வைக்கும் கணக்கு.

"மே பேங்க் எக்கவுன்ட் எகக்த, டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார். வங்கிக் கணக்கா என்று கேட்கிறார்.

"எக்கவுன்ட் இல்ல மாத்தயா, ஊர். ஒங்க லிஸ்ட்டுல போட்டா எங்களுக்கு ஆதாரம் ஆகும்."

"வத்தக்கு உள்ளுக்கு நாங்க பேர் போடுறது இல்ல டீச்சர். வத்த ஒண்ணு, பேர் ஒண்ணு. உள்ளுக்கு உள்ளது கம்பெனிட வேல."

வத்த என்றால் தோட்டம். கம்பனி அலுவலகத்தில் கேட்டால், தமிழ்ப் பெயர் எதுவும் தங்கள் ஆவணத்தில் இல்லை என்றார்கள். சபைக்குக் கம்பனி பொறுப்பு, கம்பனிக்கு ஆங்கிலப் பெயர் போதும், களஞ்சியத்துக்கு அச்சு வேண்டும். மூன்று வாசலிலும் நின்று பார்த்தாயிற்று.

நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி நீக்கினார். இன்னொரு தடவை எழுதினேன். இனிமேலும் மீளமைத்தால் என் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது. களஞ்சியத்தில் நுழைகிற என் கணக்கைச் சொல்கிறார். களஞ்சியத்தின் மொழியில் கணக்கு என்பதற்கு எத்தனை பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம், நாங்கள் குடியிருக்கும் பொருள் மட்டும் இருக்கக் கூடாது.

அத்துடன் விட்டுவிட்டோம். பிரதேச சபையின் பக்கத்தைத் திருத்தினோம், வட்டாரங்களைச் சேர்த்தோம். அதற்கெல்லாம் அரசாங்க வர்த்தமானியில் ஆதாரம் இருந்தது.

4. "இடத்தோட பேரச் சொல்லுங்க"

பிறகு அந்த மழை வந்தது. அன்று காலையில் பெரட்டுக் கலைத்து ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டம். தாய்மார் மலைக்குப் போனதால் தர்ஷியும் பிள்ளைக் காம்பராவைத் திறந்தாள். போகாதே என்று நான் சொன்னேன். "பிள்ளைங்கள யாரும்மா பாக்குறது?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்தாள்.

மத்தியானத்துக்கு முன் போன் வந்தது.

"அம்மா, ரோடு போயிருச்சு. மேல இருந்து மண்ணு வந்து கடைசி லயத்த மூடிருச்சு. நாங்க பிள்ளக் காம்பராவுல இருக்கோம், இது கல்லு மேல கட்டுனது, ஒண்ணும் ஆகல. மலைக்குப் போனவங்களும் இங்கதான் வந்துட்டாங்க. செல்லமுத்து மாமா மாட்ட அவுக்கப் போனவரு உள்ள மாட்டிக்கிட்டாரும்மா. தகரத்தத் தட்டுறாரு. எங்களுக்குச் சத்தம் கேக்குது. யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க."

"நீ அங்கிட்டுப் போயிராத!"

"போகலம்மா. ஆம்பளைங்க மம்பட்டியால வெட்டுறாங்க. வெட்ட வெட்ட மேல இருந்து வருது. கயிறும் மெசினும் வேணும். சொல்லுங்கம்மா!"

நஸார் நானாவைக் கூப்பிட்டேன். அவருடைய போன் வேலை செய்யவில்லை. டவுனின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏறி, அவர் லொறியில் சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மீட்புக் குழு ஒன்று டவுனுக்கு வந்திருக்கிறது, அதை இயக்குபவர்களோடு பேசலாம் என்று யாரோ ஓர் இலக்கம் தந்தார்கள். எடுத்தது ஒரு தமிழ்ப் பையன். கொழும்பிலிருந்து உதவிக்கு உட்கார்ந்திருக்கும் தன்னார்வலன். மரியாதையாகத்தான் பேசினான்.

"சொல்லுங்கக்கா, எந்த இடம்?"

"கீழ்க்கணக்கு. கிரிவத்துர தோட்டம், கீழ்க்கணக்கு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அக்கா, அடிச்சுப் பாத்தேன். அது ஏதோ பழைய இலக்கியம்னு வருது. இடத்தோட பேரச் சொல்லுங்க."

"அதுதான் தம்பி இடத்தோட பேரு!"

"மெப்புலயும் இல்லக்கா. இங்கிலீஷ்ல என்ன?"

"லோவர் டிவிசன். கிரிவத்துர லோவர் டிவிசன்னு போடுங்க. ரோடு மூடிருக்கு, இறப்பர் ஸ்டோர் பின்னால உள்ள பாதையால வரணும்னு எழுதுங்க."

"சரிக்கா, அனுப்புறேன்."

அவன் அனுப்பினான். என்ன எழுதி அனுப்பினான், அது எத்தனை கை மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். தர்ஷியின் போனுக்கு ஒரு முறை லைன் கிடைத்தது, மறுமுறை கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பையன் திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, டீம் போய்ச் சேந்துட்டாங்க. அங்க ஒண்ணுமே நடக்கலையாம். நீங்க சொன்ன இடம் சரிதானா?"

"எங்க போயிருக்காங்க?"

"லோவர் டிவிசன்தான்."

அவன் படித்துக் காட்டிய தோட்டத்தின் பெயர் வேறு. இந்த மாவட்டத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு லோவர் டிவிசன் இருக்கிறது. கிரிவத்துர என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. குழு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

நான் கத்தினேன். அந்தப் பையனிடம் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவன் அழுகிற குரலில் "சொரி அக்கா, சொரி" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

5. தகரம்

டவுனுக்கு ஓடிப்போய் நஸார் நானாவை அவருடைய கடை வாசலில் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் லொறியில் ஏறிவிட்டார்.

"டீச்சர், நீங்க இங்கயே நில்லுங்க."

"என் பிள்ள அங்க இருக்கு நானா."

"அப்ப ஏறுங்க. அழாதீங்க, எனக்கு ரோடு பாக்கோணும்."

ஆற்றுப் பாலத்தருகில் திரும்பி வந்துகொண்டிருந்த மீட்புக் குழுவை மறித்து, அவர்களை எங்களுக்குப் பின்னால் வரச் செய்தார். இறப்பர் ஸ்டோருக்குப் பின்னால் உள்ள பாதை சேறாகத்தான் இருந்தது, ஆனால் மூடியிருக்கவில்லை. செல்லமுத்து அண்ணன் சொன்ன அதே பாதை. ஒரு திருப்பத்தில் லொறியை விட்டு இறங்கி நடந்தோம்.

பிள்ளைகளை ஆண்கள் முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். ஒரு கைக்குழந்தையை என்னிடம் தந்தார்கள். யாருடைய குழந்தை என்று கேட்கவும் தோன்றவில்லை. தர்ஷி கடைசியாக வந்தாள். என்னைப் பார்த்தும் நிற்காமல், கயிறு வைத்திருந்தவர்களிடம் போய்க் கடைசி லயத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க, அந்தத் தகரத்துக்குக் கீழ. இவ்வளவு நேரமாத் தட்டுனாரு. இப்பத்தான் சத்தமில்ல."

தோண்டி எடுத்தபோது செல்லமுத்து அண்ணன் உயிரோடு இல்லை. மாடு பிழைத்துக்கொண்டது. அதன் கயிற்றை அவர் அவிழ்த்துவிட்டிருந்தார்.

குழுவின் தலைவர் சேற்றோடு வந்து என் பக்கத்தில் நின்றார். சிங்களவர், நடுவயது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தப் பாதைய யாரும் ஒரு எடத்துலயும் எழுதி வைக்கலயா, டீச்சர்?"

நானா என்னைப் பார்த்தார். எழுதி வைத்திருந்தோம். ஒருவர் நீக்கினார்.

6. முதல் மேற்கோள்

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து மண்ணைத் தள்ளியது வெண்பாப்பித்தன் அல்ல. அந்த மழையில் ஆட்களை வேலைக்கு அனுப்பியதும் அவர் அல்ல. சரிவுக்குக் கீழே லயத்தைக் கட்டிவைத்துவிட்டு, அதன் பெயர்கூடத் தன் ஆவணத்தில் இல்லை என்று சொன்னதும் அவர் அல்ல. குழு நேராக வந்திருந்தால் செல்லமுத்து அண்ணன் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கட்டுரை இருந்திருந்தாலும் அந்த அவசரத்தில் அந்தப் பையன் அதைச் சரியாக வாசித்திருப்பானா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் அதைத்தான் தேடினான். தேடிய இடத்தில் வேறொன்று இருந்தது. இது மட்டும் எனக்குத் தெரியும்.

தர்ஷி மறுபடி வேலைக்குப் போகிறாள். பிள்ளைக் காம்பராவை மேல்கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய் நனைந்தபடி நிற்கிறாள். உள்ளே வா என்று நான் கூப்பிடுவதில்லை. நானும் குடையோடு போய் நிற்கிறேன். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அடிக்கடி போன் எடுக்கிறேன். "அம்மா, இப்பத்தானே பேசுனீங்க" என்கிறாள். எனக்குத் தெரியும். இருந்தும் எடுக்கிறேன்.

சில நாட்களில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது: கிரிவத்துர தோட்டம் கீழ்க்கணக்கில் மண்சரிவு, தொழிலாளி பலி. செய்தியை எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும், பெயரைச் சரியாகப் போட்டிருந்தார். அடுத்த நாளே களஞ்சியத்திலிருந்து எனக்கு ஒரு குறிப்பு:

"தங்கள் பகுதியில் நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறேன். தற்போது நாளிதழ்ச் செய்தி வெளியாகியுள்ளதால் இடத்தின் பெயரும் குறிப்பிடத்தக்கமையும் உறுதியாகின்றன. வழிமாற்றை நீக்கிக் கட்டுரையை மீட்டுள்ளேன். மேற்கோளையும் இணைத்துள்ளேன். தங்கள் பங்களிப்பு தொடரட்டும்."

நஸார் நானாவின் கடையில் வைத்துத்தான் அதைப் படித்தேன். அவரும் போனை வாங்கி வாசித்தார். பிறகு, "அப்ப மௌத்தானாத்தான் ஊர் எண்டு எடுப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஒரு மனிதன் செத்தால்தான் ஊர் என்று ஒத்துக்கொள்வார்களா என்பது அவர் கேள்வி.

நிர்வாகிக்குப் பதில் எழுதினேன். நன்றி சொல்லவில்லை. இறப்பர் ஸ்டோர்ப் பாதை பற்றிய இரண்டு வாக்கியங்களை நீங்கள் எந்த நாளில் நீக்கினீர்கள் என்று கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது, தயவுசெய்து போய்ப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் படித்த பாடத்தைச் சொல்கிறேன். களஞ்சியத்தின் விதியோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். நான் வீணாக்கினேன் என்பதற்காக அல்ல, அந்த விதி உங்கள் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல என்பதற்காக. ஆதாரம் இல்லை என்றால் ஆதாரத்தை உண்டாக்குங்கள். தோட்டத்துப் பெயர்களைச் சனம் சொல்கிறபடியே பாடசாலை மலரில் அச்சிடுங்கள். கோயில் திருவிழா நோட்டீஸில் போடுங்கள். பிரதேச சபை உறுப்பினரைச் சபையில் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசவைத்து, கூட்ட அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். மண் விழுவதற்கு முன்னால் செய்யுங்கள். எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும் அதற்குப் போகும் பாதையை முதலில் எழுதுங்கள், வரலாறு பிறகு வரட்டும்.

இந்த வருடப் பாடசாலை மலருக்குத் தோட்டங்களின் கணக்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சகத்தில் இருக்கிறது. வந்ததும் களஞ்சியத்தில் நான் செய்யப்போகும் முதல் திருத்தம் இதுதான்: கீழ்க்கணக்குப் பக்கத்தின் அடியில் முதலாவது மேற்கோளாக இருக்கும் பத்திரிகைச் செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மலரைப் போடுவேன். ஓர் ஊர் இருக்கிறது என்பதற்குச் செல்லமுத்து அண்ணனின் சாவை ஆதாரமாக வைத்திருக்க எனக்கு மனமில்லை.